பழைய கணினியும் ஊராட்சியின் பொறுப்பும்

நம் நாட்டுக் கிராமங்களில் குப்பை என்பது ஒரு காலத்தில் இழிந்த பொருளாகக் கருதப்படவில்லை. வைக்கோல் மாட்டுக்குச் சென்றது. சாணம் எருக்குழிக்குச் சென்றது. எரு வயலுக்குச் சென்றது. வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா என்று ஓர் உழவரை மற்றோர் உழவர் கேட்டால், எருவிட்டாயிற்றா என்பதே பொருள். கந்தலும் சாம்பலும் ஓலையும்கூட ஏதாவதொரு வகையில் மண்ணோடு மண்ணாகி மண்ணுக்கே உரமாயின.

இன்று நிலைமை மாறிவிட்டது. மண்ணில் புதைத்தால் மக்காததும், தீயிலிட்டால் நஞ்சாகப் புகைவதும், தண்ணீரில் கிடந்தால் நஞ்சாகக் கரைவதுமான புதுவகைக் குப்பை ஒன்று நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பழுதான கணினி, மடிக்கணினி, அச்சுப்பொறி, யூ.பி.எஸ். பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, கைப்பேசி ஆகியவற்றைத்தான் இங்கே குறிப்பிடுகிறோம். இவற்றை மின்னணுக் கழிவு என்று வழங்குகிறார்கள். இக்கழிவை எவ்வாறு பொறுப்புடன் அகற்றுவது என்பதை ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது அவசியம்.

இது நம் ஊருக்கு உரிய பிரச்சினையா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்திருப்பது மாகறல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருமாகறலீசுவரர் ஆலயம் இவ்வூருக்குப் பெருமை. சுற்றிலும் நெல்வயல்கள், சற்றுத் தொலைவில் பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் காஞ்சி மாநகரம். இத்தகைய ஊருக்கும் கணினிக் குப்பைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும்.

தொடர்பு நிரம்ப உண்டு. மாகறலைப் போன்ற எந்த ஊரையும் எடுத்துக்கொண்டு மனத்திலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊராட்சி அலுவலகத்தில் கணினியும் அச்சுப்பொறியும் உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உண்டு, பள்ளிக்கூடத்தில் உண்டு, நியாய விலைக் கடையில் விற்பனைக் கருவி உண்டு. 2006-ஆம் ஆண்டு முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்ட திட்டத்தின்கீழ் மாணவ மாணவியருக்கு இலட்சக்கணக்கில் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றால் ஏழைக் குடும்பங்கள் அடைந்த நன்மை பெரிது. ஆயினும் எந்தக் கருவிக்கும் ஆயுள் உண்டு. அன்று கொண்டாடி வரவேற்ற பெட்டிகளுள் பல இன்று திண்ணையிலும் பரணிலும் மாட்டுக்கொட்டகையின் மூலையிலும் கிடக்கின்றன. அடுத்து அவை எங்கே செல்லப் போகின்றன என்பதே கேள்வி.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் நூற்றுக்கு 22 பங்கு அளவே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு உண்டு என்றும் ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. இக்கழிவை மிகுதியாக உண்டாக்கும் நாடுகளில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடம் இந்தியாவுக்கு.

நெசவாளருக்குக் கணினி அந்நியமன்று

காஞ்சி வட்டார நெசவாளர்களுக்குக் கணினி முற்றிலும் புதிய பொருளன்று. தறியின்மேல் ஏற்றப்படும் ஜக்கார்டு பெட்டியையும் துளையிட்ட அட்டைகளையும் அவர்கள் நன்கறிவார்கள். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த முறை அது. அட்டையில் துளை இருந்தால் இழை உயரும், இல்லாவிட்டால் உயராது. இந்த உண்டு-இல்லை என்னும் கணக்கைக் கொண்டே புடவையில் மயிலும் அன்னமும் பூக்கின்றன. பிற்காலத்தில் கணக்கிடும் யந்திரங்களை ஆராய்ந்த அறிஞர்கள் துளையட்டைக் கருத்தை நெசவுத் தறியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பு துளையட்டைகளைக் கொண்டே தொகுக்கப்பட்டது. ஆகவே கணினியைத் தறியின் தம்பி என்று கூறினால் தவறில்லை. ஆனால் தறி பழுதானால் மரம் விறகாகும். இரும்பு பட்டறைக்குப் போகும். தம்பியின் கதை வேறு.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பழைய கனத்த தொலைக்காட்சிப் பெட்டியிலும் கணினித் திரையிலும் உள்ள படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. ஒரு குழாயில் ஏறத்தாழ ஒரு கிலோ, பெரியதானால் அதற்கு மேலும் ஈயம் இருக்கக்கூடும். சுற்றுப்பலகையில் பற்றவைத்த இடங்களிலும் ஈயம் உண்டு. பழைய தட்டைத் திரைகளுக்குப் பின்னால் ஒளிதரும் மெல்லிய குழல்விளக்குகளில் பாதரசம் உண்டு. சிலவகை மின்கலங்களில் காட்மியம் என்னும் உலோகம் உண்டு. யூ.பி.எஸ். மின்கலத்திலோ ஈயத்தகடுகளும் கந்தக அமிலமும் நிறைந்திருக்கின்றன. பெட்டியின் பிளாஸ்டிக்கில் எளிதில் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கப்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன.

கருவி நல்ல நிலையில் மேசைமேல் இருக்கும்வரை இவற்றால் நமக்குக் கேடில்லை. உடைக்கும்போதும் எரிக்கும்போதும் நீர்நிலையில் எறியும்போதும்தான் நஞ்சு வெளிப்படுகிறது. செம்புக் கம்பிக்காக வயரை எரிக்கும் வழக்கத்தை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். அவ்வாறு எரிக்கும்போது எழும் கரும்புகையில் டயாக்சின் போன்ற கொடிய நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. ஈயத் தூள் குழந்தைகளின் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சி குன்றும், கல்வியில் பின்தங்குவார்கள். இதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. சீனாவில் குய்யூ என்னும் ஊர் உலகெங்குமிருந்து வந்த பழைய கணினிகளைக் கையால் உடைத்துப் பிழைத்தது. அவ்வூர்க் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காட்மியம் மண்ணில் கலந்தால் நெற்பயிர் அதனை வேரால் உறிஞ்சி மணியில் சேர்த்துக்கொள்ளும். ஜப்பான் நாட்டின் தொயாமா மாவட்டத்தில் ஜின்சூ ஆற்று நீரால் நெல் விளைவித்து உண்ட மக்களுக்கு எலும்புகள் நொறுங்கும் கொடிய நோய் கண்டது. நோயாளிகள் வலி தாங்காது கதறியதால் அந்நோய்க்கு 'இதாய் இதாய்' என்றே பெயர் வந்தது. அம்மொழியில் அதற்கு 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று பொருள். ஆற்றின் மேற்பகுதியிலிருந்த சுரங்கத்தின் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசாங்கம் 1968-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அங்கே காரணம் பெருஞ்சுரங்கம்; நம் ஊரில் கிடப்பதோ சில பெட்டிகள். எனினும் நெல்லுக்கும் காட்மியத்துக்கும் உள்ள உறவு எங்கும் ஒன்றே.

இன்னும் அருகில் ஓர் உதாரணம் காட்டலாம். பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டையில் மூடப்பட்டுவிட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு, இலட்சக்கணக்கான டன் அளவில் பல்லாண்டுகள் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. செய்யாறு அந்தப் பாலாற்றில் சென்று கலப்பதுதான். கெட்ட கிணற்றைத் திருத்துவது, கெடாமல் காப்பதைப் போல் எளிதன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

குப்பையில் உள்ள செல்வம்

நஞ்சு ஒருபுறமிருக்க, இக்கழிவில் செல்வமும் இருக்கிறது. காஞ்சியில் கிழிந்த பட்டுப்புடவையையும் விலைகொடுத்து வாங்குவார்கள். சரிகையிலுள்ள வெள்ளியும் தங்கமுமே அதற்குக் காரணம். அதுபோலவே கணினியின் சுற்றுப்பலகையிலும் இணைப்பு முனைகளிலும் தங்கமும் வெள்ளியும் செம்பும் உண்டு. கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்படும் காலத்தில் ஒரு டன் பாறையை வெட்டியெடுத்தால் ஏறத்தாழ 3 கிராம் தங்கமே கிடைத்தது. ஒரு டன் கணினிச் சுற்றுப்பலகைகளிலோ 100 கிராமுக்கும் மேற்பட்ட தங்கம் இருக்கக்கூடும்.

2020-ஆம் ஆண்டுக்குரிய டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்காக ஜப்பானியர் செய்த காரியம் நினைவிற் கொள்ளத்தக்கது. 2017 முதல் 2019 வரை நாடெங்கும் பழைய கைப்பேசிகளையும் சிறு மின்கருவிகளையும் திரட்டினார்கள். ஏறத்தாழ 79,000 டன் சேர்ந்தது. அதிலிருந்து 32 கிலோ தங்கமும் 3,500 கிலோ வெள்ளியும் பிரித்தெடுத்து, சுமார் 5,000 பதக்கங்களைச் செய்தார்கள். இப்பணியில் பெரும்பங்கு ஆற்றியவை அந்நாட்டின் உள்ளாட்சி மன்றங்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சரிகையை எரித்து வெள்ளியை எடுப்பதுபோல் கணினிப் பலகையை எரித்துத் தங்கம் எடுக்கலாம் என்று எவரும் முயலலாகாது. சரிகையில் இருப்பது பட்டு நூலும் வெள்ளியும் பொன்னும். கணினிப் பலகையில் அவற்றோடு ஈயமும் நஞ்சூட்டும் பிசினும் கலந்திருக்கின்றன. கொல்லையில் அமிலத் தொட்டி வைத்துத் தங்கம் பிரிப்பவர் சிறிதளவு பொன்னுக்காகத் தம் நுரையீரலையும் அண்டை வீட்டாரின் கிணற்றையும் விலையாகக் கொடுக்கிறார். புகையைப் பிடித்து வடிகட்டும் சாதனங்களும், அமிலத்தை முறிக்கும் ஏற்பாடுகளும் உள்ள பதிவுபெற்ற நிலையங்களில் மட்டுமே இவ்வேலை நடைபெற வேண்டும்.

காயலான் கடைக்காரரும் தூய்மைக் காவலரும்

இன்று கிராமத்தில் பழைய பெட்டியை வாங்க வருபவர் காயலான் கடைக்காரரே. அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாம் வீசியெறிய இருந்ததை வீடுதேடி வந்து எடுத்துச் செல்லும் அவர் ஊருக்குச் செய்யும் உதவி சிறிதன்று. ஆனால் அவரிடமிருந்து பெட்டி எங்கே செல்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. செம்பும் இரும்பும் எடுத்தபின், விலைபோகாத ஈயக் கண்ணாடி ஏரிக்கரையிலோ ஓடையிலோ கொட்டப்படுவது உண்டு. அவர் சேகரிப்பவராக இருக்கட்டும். உடைப்பவராகவோ எரிப்பவராகவோ இருக்க வேண்டாம். தாம் வாங்கியதைப் பதிவுபெற்ற நிலையத்துக்கே விற்கும்படி ஊராட்சி அவருக்கு வழிகாட்டலாம்.

வீடுதோறும் குப்பை பெறும் தூய்மைக் காவலர்களை எண்ணிப் பார்ப்பதும் நம் கடமை. இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடைந்த குழல்விளக்கும் ஒழுகும் மின்கலமும் மற்றக் குப்பையோடு கலந்து வந்தால் வெறுங்கையால் பிரிப்பவர்கள் அவர்களே. வீட்டிலேயே தனியாக வைத்துக் கொடுத்தால் அவர்கள் உடல்நலம் காக்கப்படும்.

சட்டம் கூறுவது

மின்னணுக் கழிவுக்கெனத் தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒரு கொள்கையை வகுத்தது. மத்திய அரசு 2011-இல் வெளியிட்ட விதிகள் 2012 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. பின்னர் 2016-இலும் 2022-இலும் புதிய விதிகள் செய்யப்பட்டன. 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாள் அமலுக்கு வந்தன. அவற்றின் சாரம் வருமாறு.

கருவியைச் செய்து விற்கும் நிறுவனமே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி. தான் விற்ற பொருள்களின் அளவுக்கேற்ப, குறிப்பிட்ட பங்கு கழிவு மறுசுழற்சி ஆவதற்கு அது வழிசெய்ய வேண்டும். இப்பங்கு முதல் இரண்டாண்டுகளுக்கு நூற்றுக்கு 60 என்றும், அடுத்த இரண்டாண்டுகளுக்கு 70 என்றும், 2027-28 முதல் 80 என்றும் விதிக்கப்பட்டுள்ளது. மறுசுழற்சி செய்வோரும் பழுதுபார்த்துப் புதுப்பிப்போரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும். பதிவின்றி இத்தொழிலை நடத்தலாகாது. ஊர்க் குப்பையில் கலந்துவரும் மின்னணுக் கழிவைப் பிரித்துப் பதிவுபெற்றவரிடம் சேர்ப்பிப்பதும், உற்பத்தியாளர் இன்னாரென்று அறியமுடியாத பொருள்களைத் திரட்டுவதும் உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிய கடமைகள். யூ.பி.எஸ். உள்ளிட்ட மின்கலங்களுக்கு 2022-இல் வந்த தனி விதிகள் உள்ளன.

ஊராட்சி செய்யவேண்டிய காரியங்கள்

முதலாவது, அகற்றுவதற்கு முன் பழுதுபார்த்தல். நினைவகம் சேர்த்தோ, மின்கலம் மாற்றியோ கணினியை மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்யலாம். அலுவலகத்துக்கு உதவாதது பள்ளிப் பிள்ளைகளின் தட்டச்சுப் பயிற்சிக்கு உதவலாம்.

இரண்டாவது, கணக்கு. அலுவலகக் கருவி ஒவ்வொன்றும் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள். அதனைக் கழிக்கும்போது, பயனற்றது என்று தகுதியுள்ளவரின் சான்று பெற்று, மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, உரிய அதிகாரியின் ஒப்புதலுடன் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மாகறலுக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரிய கல்வெட்டுக்கள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை அவை கூறுகின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அங்கே கண்ட விதி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கும் பொன்னுக்கும் கணக்குக் கேட்ட நாட்டில், இன்று பழைய கணினிக்கும் கணக்கு இருப்பதே முறை.

மூன்றாவது, உள்ளிருக்கும் விவரங்கள். வீட்டுவரி, குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய மக்களின் விவரங்கள் கணினியின் ஹார்ட் டிஸ்கில் பதிந்திருக்கும். அழிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டால் அவை அழிந்துவிடுவதில்லை, கைதேர்ந்தவர் மீட்டுவிடுவார். எனவே தேவையானவற்றைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொண்டபின், முற்றிலும் துடைக்கும் செயலியால் அழிக்க வேண்டும். அது இயலாதபோது, ஹார்ட் டிஸ்கைத் தனியே கழற்றி, மறுசுழற்சி நிலையத்தார் பொடியாக்கியதற்குச் சான்றிதழ் பெற வேண்டும்.

நான்காவது, சேமித்து வைத்தல். மழைநீர் படாத, சிமென்டுத் தளமுள்ள அறை ஒன்றைப் பூட்டுடன் ஒதுக்க வேண்டும். படக்குழாய்ப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. குழாய் உடைந்தால் கண்ணாடி சிதறித் தெறிக்கும். அச்சுப்பொறியின் மைத்தூள் பெட்டியைத் திறக்கவோ தட்டவோ கூடாது. உப்பிய மடிக்கணினி மின்கலம் தீப்பற்றும் தன்மையது. அதனைக் குத்தாமல், எளிதில் எரியும் பொருள்கள் அருகில் இல்லாதவாறு உலர்ந்த மணலில் தனியே வைக்க வேண்டும். யூ.பி.எஸ். மின்கலத்தை நிமிர்த்தியே வைத்து, புதியது வாங்கும்போது கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, திரட்டும் நாள். கிராம சபை கூடும் நாட்களில் ஏதேனும் ஒன்றைப் பழைய மின்கருவிகளைப் பெறும் நாளாகவும் அறிவிக்கலாம். தண்டோராவாலும் பள்ளிப் பிள்ளைகள் வாயிலாகவும் முன்கூட்டியே தெரிவித்தால் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பெட்டிகள் வெளிவரும்.

ஆறாவது, ஒப்படைத்தல். பதிவுபெற்ற நிலையங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் உள்ளது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலும் விசாரித்தறியலாம். ஒப்படைக்கும்போது எடை, எண்ணிக்கை, பதிவு எண் ஆகியவை கண்ட இரசீதைப் பெற்றுக் கோப்பில் வைக்க வேண்டும்.

சில ஐயங்கள்

ஓர் ஊரின் நான்கைந்து பெட்டிகளுக்காக லாரி வருமா என்று கேட்கலாம். வராதுதான். ஆகவே அண்டை ஊராட்சிகள் பல ஒன்றுகூடி, வட்டார அளவில் ஓரிடத்தில் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ அனுப்புவதே சாத்தியமான வழி. பால் கூட்டுறவுச் சங்கம் வீட்டுக்கு இரண்டு லிட்டராகத் திரட்டி நகரத்துக்கு அனுப்புவதை நாம் அறிவோம், முறை அதுவே.

காயலான் கடையில் அதிக விலை கிடைக்குமே என்பது இரண்டாவது ஐயம். சில சமயங்களில் அது உண்மையே. எரிப்பவருக்குப் புகையை வடிகட்டும் செலவில்லை. கொட்டுபவருக்குக் கண்ணாடியை அகற்றும் செலவில்லை. ஆகவே அவர் சில ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முடிகிறது. அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. அது ஊரார் கிணற்றின்மேலும் மாட்டின்மேலும் பிள்ளைகளின்மேலும் வந்து விழுகிறது. ஏலம் விடும் ஊராட்சி, பதிவுபெற்றவர்கள் மட்டுமே கேட்கலாம் என்று நிபந்தனை விதித்தால் இக்குறை நீங்கும்.

புதைத்துவிட்டால் என்ன என்பது மூன்றாவது ஐயம். புதைத்த இடத்தில் ஈயம் மக்குவதில்லை. மழைநீர் இறங்குந்தோறும் அது மெல்ல மெல்லக் கீழே செல்லும். செய்யாற்றங்கரை ஊர்களில் மணற்பாங்கான நிலத்தில் நீர் விரைவாக இறங்கும் என்பதை உழவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

முடிவுரை

ஊர் ஏரியின் மதகையும் கரையையும் ஊராரே காத்துவந்த மரபு நம்முடையது. கணினி நம் அலுவலக வேலையை எளிதாக்கியிருக்கிறது. பட்டா, சான்றிதழ், பணப்பட்டுவாடா யாவும் அதன்மூலம் விரைந்து நடைபெறுகின்றன. அந்த நன்மையைப் பெற்ற நாம் அதன் முடிவுக்கும் பொறுப்பேற்பதே நியாயம். அடுத்துக் கூடும் மன்றக் கூட்டத்தில், தங்கள் ஊரிலுள்ள பழைய கணினி, தொலைக்காட்சி, மின்கலம் ஆகியவற்றின் பட்டியலொன்றைத் தயாரிப்பது என்று ஒவ்வோர் ஊராட்சியும் தீர்மானிக்குமாயின், வேலை பாதி முடிந்ததாகும். எஞ்சிய பாதிக்குத் தேவைப்படுவன ஒரு பூட்டிய அறையும், ஒரு பதிவேடும், அண்டை ஊராரின் ஒத்துழைப்புமே.